கண்ணாடி வீட்டிலிருந்து களுத்துறை வரை

உயர்தர வகுப்பில் இலங்கை வரலாறு படிக்கும் மாணவிகளுக்குக் கமரன் என்ற பெயர் புதிதல்ல. 1833ஆம் ஆண்டின் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதியிருக்கிறோம். இராஜகாரிய முறை நீங்கியது, சட்டநிரூபண சபை வந்தது, நாடு முழுவதும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தது என்று பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருக்கிறோம். அந்தக் கமரனின் மனைவி, புகைப்படக் கலை வரலாற்றில் கணவரைவிடப் பெரிய பெயர் எடுத்தவர். அவர் நம் நாட்டிலேயே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டவர். இதை நான் வரலாற்றுப் பாடத்தில் அறியவில்லை. படம் எடுக்கப் பழகியபோதுதான் அறிந்தேன்.

எங்கள் சஞ்சிகைக் குழுவில் படங்களுக்கும் பக்க வடிவமைப்புக்கும் பொறுப்பாக இருப்பவர்களில் நானும் ஒருத்தி. காட்சியமைப்பின் விதிகளை ஒரு மாதத்திற்குள் படித்துவிடலாம். சட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரித்து, கோடுகள் சந்திக்கும் இடத்தில் முக்கியமானதை வை. பின்னணியில் தேவையற்றதை நீக்கு. ஒருவர் பார்க்கும் திசையில் கொஞ்சம் வெற்றிடம் விடு. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார். உருவப்படம், நிலக்காட்சி, பொருட்படம், செய்திப்படம் என்று வகைகளையும் பட்டியலிடலாம். ஆனால் ஒரு முகத்திற்கு எவ்வளவு அருகில் போவது, ஏன் போவது என்பதற்கு விதிப் பட்டியலில் பதில் கிடைக்காது. அந்தப் பதிலைத் தேடியபோதுதான் ஜூலியா மார்கரெட் கமரனின் படங்களுக்கு வந்து சேர்ந்தேன். அவருடைய வாழ்க்கையை இங்கே சொல்ல விரும்புகிறேன். அதில் நாம் பின்பற்ற வேண்டியதும் இருக்கிறது, கேள்வி கேட்க வேண்டியதும் இருக்கிறது.

ஜூலியா 1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பற்றில், கிழக்கிந்தியக் கம்பனியின் அதிகாரி. தாய் பிரெஞ்சுக் குடும்பத்தவர். சிறுவயதின் பெரும்பகுதியைப் பிரான்சில் இருந்த பாட்டியின் வீட்டில் கழித்தார். சுகவீனம் காரணமாக 1836ஆம் ஆண்டளவில் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் தங்கியிருந்தபோது அவருடைய வாழ்க்கையை மாற்றிய இருவரைச் சந்தித்தார். ஒருவர் வானியலாளர் சேர் ஜோன் ஹேர்ஷல். மற்றவர் சட்ட அறிஞர் சார்ள்ஸ் ஹே கமரன். சார்ள்ஸ் அவரைவிட இருபது வயது மூத்தவர். இலங்கைக்கு ஆணைக்குழு உறுப்பினராக வந்து போனவர். 1838இல் கல்கத்தாவில் இருவருக்கும் திருமணம் நடந்தது.

ஹேர்ஷல் வானத்தை ஆராய்ந்தவர் மட்டுமல்ல. புகைப்படம் கறுத்துப் போகாமல் நிலைநிறுத்தும் இரசாயன முறையைக் காட்டிக்கொடுத்தவரும் அவரே. போட்டோகிராபி என்ற சொல்லை உலகில் பரப்பியவர்களில் முக்கியமானவர். இங்கிலாந்தில் புகைப்படம் பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த 1842இல், கல்கத்தாவில் இருந்த ஜூலியாவுக்கு அவர் சில படங்களை அனுப்பிவைத்தார். அந்தப் படங்களைப் பார்த்த பெண், தன் கையால் ஒரு படம் எடுக்க இன்னும் இருபது வருடங்களுக்கு மேல் ஆனது. இடையில் அவர் ஆறு பிள்ளைகளைப் பெற்றார். ஆதரவற்ற பிள்ளைகளையும் தன் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தார். 1848இல் குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது.

சார்ள்ஸுக்கு இலங்கை மீது தீராத ஆசை. இங்கே கோப்பித் தோட்டங்களை வாங்கியிருந்தார். 1860இல் ஜூலியா வைற் தீவின் பிரெஷ்வோட்டர் என்ற ஊரில் இரண்டு வீடுகளை வாங்கி, அவற்றை ஒன்றாக்கி, மலைநாட்டுத் தோட்டத்தின் நினைவாக டிம்போலா என்று பெயர் வைத்தார். இங்கிலாந்தின் கடற்கரை வீடொன்று நம் டிம்புளவின் பெயரைத் தாங்கி இன்றும் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கவிஞர் டெனிசன்.

1863ஆம் ஆண்டின் இறுதி. கணவர் இலங்கையில் தோட்டங்களைப் பார்க்கப் போயிருந்தார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். வீட்டில் தனித்திருந்த தாயின் பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது ஜூலியாவுக்கு வயது 48. பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டு ஓய்ந்திருக்கலாம் என்று ஊரும் உறவும் நினைக்கும் வயது. அவரோ நிலக்கரி போட்டுவைத்த அறையை இருட்டறையாக மாற்றினார். கோழிக்கூடு கண்ணாடி வீடானது. அதுவே அவருடைய படப்பிடிப்புக் கூடம்.

இன்று கைப்பேசியைத் தொட்டால் படம் விழுகிறது. அன்றைய முறையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பெரிய கண்ணாடித் தகட்டைச் சுத்தம் செய்து, அதன் மேல் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைச் சமமாக ஓடவிட வேண்டும். பிறகு வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் கமராவில் வைத்துப் படம் பிடித்து, ஈரம் இருக்கும்போதே இருட்டறைக்கு ஓடி உருத்துலக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சில நிமிடங்களே அவகாசம். தகடு காய்ந்தால் உழைப்பு வீண். ஒரு தூசி விழுந்தாலும் படத்தில் புள்ளி. வெள்ளி நைத்திரேற்றுப் பட்டால் விரலும் உடையும் கறுத்துவிடும். முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாளில், வெயிலில் வைத்துத்தான் பிரதி எடுத்தார்கள். ஒரு மேட்டுக்குடிப் பெண் கைகள் கறுக்க இந்த வேலையைச் செய்தார்.

1864 ஜனவரியில் அனி பில்போற் என்ற சிறுமியின் படம் அவருக்கு வாய்த்தது. அதையே தன் முதல் வெற்றியாக அவர் கருதினார். அந்தப் படத்தைப் பார்த்தால், காட்சியமைப்பில் அவர் எந்த வழியில் போகப்போகிறார் என்பது அப்போதே தெரிகிறது. சிறுமி மேலங்கி அணிந்திருக்கிறாள். பார்வை கமராவை விட்டு ஒரு பக்கமாகப் போகிறது. முகத்தின் ஒரு பக்கத்தில் வெளிச்சம், மறு பக்கத்தில் நிழல். பின்னால் எதுவும் இல்லை.

பின்னால் எதுவும் இல்லை என்பது அந்தக் காலத்தில் பெரிய மாற்றம். அப்போதைய வர்த்தகப் படப்பிடிப்பு நிலையங்களில் ஆளைத் தலை முதல் கால் வரை நிறுத்துவார்கள். பக்கத்தில் ஒரு தூண், திரைச்சீலை, சிறு மேசை, அதன் மேல் புத்தகம். வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாக விழும். படத்தைப் பார்ப்பவர் அந்த ஆளின் உடுப்பையும் அந்தஸ்தையும்தான் முதலில் காண்பார். ஜூலியா தூணையும் மேசையையும் தூக்கிப் போட்டார். நல்ல உடுப்பின் மேல் கறுத்தத் துணியைப் போர்த்தினார். கண்ணாடி வீட்டின் திரைகளால் மற்ற வெளிச்சத்தை மறைத்து, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவிட்டார். கமராவை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனார். பின்னர் வாங்கிய பெரிய கமராவின் தகடு 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். அதில் ஒரு தலை மட்டும் ஏறக்குறைய உண்மை அளவில் நிறைந்து நிற்கும்.

இதன் பலனை 1867இல் எடுத்த ஹேர்ஷலின் படத்தில் காணலாம். முதியவரின் வெண்முடி வெளிச்சத்தைப் பிடித்து நிற்கிறது. உடல் இருளுக்குள் மறைகிறது. தொலைநோக்கி இல்லை, நட்சத்திர வரைபடம் இல்லை, விஞ்ஞானி என்று காட்டும் ஒரு பொருளும் இல்லை. கண்களும் நெற்றிச் சுருக்கங்களும்தான் இருக்கின்றன. ஒருவரின் தொழிலைக் காட்ட அவர் கையில் கருவியைக் கொடுப்பதே வழி என்று நினைத்திருந்த எனக்கு, வேண்டாததை அகற்றுவதும் அமைப்புத்தான் என்று புரியவைத்த படம் இது. அதே ஆண்டில் எடுத்த தன் சகோதரியின் மகளான ஜூலியா ஜக்சனின் படத்தில், நேராகப் பார்க்கும் முகத்தின் பாதி வெளிச்சத்திலும் பாதி நிழலிலும் இருக்கிறது. எழுத்தாளர் வேர்ஜினியா வூல்ஃபின் தாய் அவர்.

ஆனால் அன்றைய புகைப்படச் சங்கத்தார் இவற்றைப் பார்த்து முகம் சுளித்தார்கள். படங்கள் தெளிவாக இல்லை, விளிம்புகள் மங்கல், தகட்டில் கீறலும் கறையும் தெரிகின்றன என்றார்கள். பெரிய தகடு, அருகிலிருக்கும் முகம், நிமிடக் கணக்கில் நீளும் படப்பிடிப்பு என்பதால் முழு முகமும் கூர்மையாக விழுவது எளிதல்ல. ஆனால் அது மட்டும் காரணமல்ல. வில்லையைத் திருப்பிக்கொண்டே போகையில் எந்த இடத்தில் முகம் அழகாகத் தோன்றியதோ அந்த இடத்திலேயே ஜூலியா நிறுத்திக்கொண்டார். மங்கல் அவருடைய தெரிவு. திட்டியவர்களுக்காக அவர் அதை மாற்றவில்லை. அதேவேளை ஆசைக்கு எடுக்கும் படம் என்று ஒதுங்கியும் இருக்கவில்லை. 500க்கும் மேற்பட்ட படங்களுக்குத் தன் பெயரில் உரிமை பதிந்தார். கண்காட்சி வைத்தார், விற்றார். இன்று விக்டோரியா அல்பேர்ட் நூதனசாலை என அழைக்கப்படும் லண்டன் நூதனசாலை 1865இல் அவருடைய படங்களை வாங்கியது. 1868இல் அங்கேயே படம் எடுக்க அவருக்கு இரண்டு அறைகளைக் கொடுத்தது.

வகைகளாகப் பார்த்தால் அவருடைய படங்களைப் பெரும்பாலும் இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று டெனிசன், டார்வின், கார்லைல் போன்ற பெரியோரின் உருவப்படங்கள். மற்றது வேதக் கதைகளையும் கவிதைகளையும் ஆட்களை வைத்து நடித்துக் காட்டுவது போல் எடுத்த கதைப்படங்கள். ஆண்களை அவர்களாகவே எடுத்தவர், பெண்களை அடிக்கடி கதைப் பாத்திரங்களாக மாற்றினார். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் பல படங்களில் கன்னி மரியாளாக வருகிறார். இன்னொருவர் மேரி ரயன். தாயோடு தெருவில் பிச்சை கேட்டு நின்ற ஐரிஷ் சிறுமியை ஜூலியா வீட்டுக்குக் கூட்டிவந்து படிப்பித்தார். படங்களுக்கும் அமரச் செய்தார். மேரி ரயனைக் கண்டு விரும்பி ஹென்றி கொற்றன் என்ற இளம் அதிகாரி 1867இல் மணம் முடித்தார். பின்னர் சேர் பட்டம் பெற்று, 1904இல் இந்திய தேசிய காங்கிரஸின் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். இந்த இரண்டு பணிப்பெண்களின் பெயர்களும் நமக்குத் தெரியும் என்பதைக் கவனத்தில் வைத்திருங்கள்.

1873இல் கமரா பரிசளித்த அந்த மகள் பிரசவத்தில் இறந்துபோனார். குடும்பத்தின் பணமும் கரைந்துகொண்டிருந்தது. 1869இல் இலங்கையில் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. 1875இல் ஜூலியாவும் எண்பது வயதான கணவரும் இங்கிலாந்தை விட்டு, மகன்மார் இருந்த இலங்கைக்குப் புறப்பட்டார்கள். தங்களுக்கான சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றி, அவற்றுக்குள் வீட்டுச் சாமான்களை அடுக்கிக்கொண்டு வந்தார்கள் என்பது பலரும் சொல்லும் செய்தி. அரச சேவையில் இருந்த மகனுடன் களுத்துறையில் கடலோர வீட்டில் தங்கினார்கள்.

பழைய கண்ணாடி வீடு இல்லை. நம் வெப்பத்தில் தகட்டின் ஈரம் விரைவில் காய்ந்துவிடும். தேவையான இரசாயனங்களும் சுலபத்தில் கிடைக்காது. ஆயினும் அவர் படம் எடுத்தார். 1877இல் உலகம் சுற்றித் தாவரங்களை வரைந்த ஓவியர் மரியன் நோர்த் களுத்துறைக்கு வந்தபோது, கொளுத்தும் வெயிலில் அவருக்குச் சால்வை போர்த்தி, தென்னோலைகள் சூழ நிற்கவைத்துப் படம் எடுத்தார். மரியன் நோர்த் தன் நினைவுக் குறிப்பில் இன்னொரு சங்கதியையும் எழுதியிருக்கிறார். ஒரு தொழிலாளியின் முதுகின் அமைப்பு ஜூலியாவுக்கு மிகவும் பிடித்துப்போனதாம். தோட்டமே இல்லாத வீட்டுக்கு அந்த மனிதரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம்.

இதை வாசித்தவர்கள் சிரித்திருப்பார்கள். நானும் முதலில் சிரித்தேன். பிறகு ஒரு கேள்வி வந்தது. அந்தத் தொழிலாளியின் பெயர் என்ன?

இலங்கையில் அவர் எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே எஞ்சியிருக்கின்றன. அவற்றில் நம் நாட்டு மக்கள் இருக்கிறார்கள். வீட்டில் வேலை செய்தவர்கள், தோட்டத் தொழிலாளர், ஊர்வாசிகள். 1878இல் எடுக்கப்பட்ட களுத்துறைக் குடியானவர்களின் படத்தில் இருக்கும் சிறுமிக்கும் முதியவருக்கும் வயது எழுதப்பட்டிருக்கிறது. பெயர் எழுதப்படவில்லை. மற்றப் படங்களில் இருப்பவர்களிலும் பெரும்பாலானோரின் பெயர் எங்கும் இல்லை. இங்கிலாந்தில் பணிப்பெண்ணின் பெயர்கூட வரலாற்றில் நிற்க, இங்கே ஓர் ஆளின் முதுகு மட்டும் நிற்கிறது.

நியாயமாக மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே காலத்தில் இலங்கையில் இருந்த வர்த்தகப் புகைப்பட நிலையங்கள், நம்மவர்களை இனம் இனமாக, தொழில் தொழிலாக நிறுத்திப் படம் பிடித்து வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்றன. அந்த வகைப் படங்களில் ஆள் என்பவர் ஒரு மாதிரிப் பொருள். ஜூலியாவின் படங்களில் அந்தக் கடை வாடை குறைவு. பக்க வெளிச்சமும் முகத்தில் நிலைக்கும் பார்வையும் இங்கேயும் உண்டு. ஹேர்ஷலைப் பார்த்த கண்தான் களுத்துறைக்காரரையும் பார்த்திருக்கிறது. ஆனால் ஹேர்ஷலின் படத்தின் கீழ் ஹேர்ஷல் என்ற பெயர் இருக்கிறது. பெயர் இருந்தால் அது ஒருவரின் உருவப்படம். பெயர் இல்லாவிட்டால், எவ்வளவு அழகாக எடுத்தாலும், அது ஒரு கூட்டத்தின் அடையாளப் படமாக மாறிவிடுகிறது. படத்தின் வகையை வெளிச்சம் மட்டும் தீர்மானிப்பதில்லை, கீழே எழுதும் ஒற்றை வரியும் தீர்மானிக்கிறது. காட்சி வடிவமைப்புப் படிக்கும் நாம் அந்த வரியையும் படத்தின் அமைப்போடு சேர்த்தே எண்ண வேண்டும்.

ஜூலியா 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கில் மகன் இருந்த தோட்டத்தில் காலமானார். அடுத்த ஆண்டு சார்ள்ஸும் காலமானார். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் இருவரின் கல்லறைகளும் இருக்கின்றன. அன்று கோப்பி இருந்த மலைகளில் இன்று தேயிலை. அந்தத் தேயிலையைப் பறிக்கும் பெண்களின் படங்கள் பக்கெற்றுகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் நாட்காட்டிகளிலும் வருகின்றன. கூடை, சேலை, சிரிப்பு, பின்னால் பச்சை மலை. மூன்றிலொரு பங்கு விதி சரியாகப் பொருந்தியிருக்கும். பெயர் இருக்காது. ஜூலியா இறந்து நூறு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இந்தப் பழக்கம் மட்டும் இன்னும் சாகவில்லை.

அவருடைய படங்களைப் பார்த்துப் பழகியவற்றை நான் வீட்டில் செய்து பார்த்தேன். நீங்களும் செய்யலாம். கமரா வேண்டியதில்லை, உம்மாவின் கைப்பேசி போதும். ஒரு யன்னலைத் தவிர மற்றவற்றை மூடுங்கள். யன்னலுக்குப் பக்கவாட்டில் ஒருவரை இருக்கச் சொல்லுங்கள். பின்னால் கறுத்தத் துணியொன்றைத் தொங்கவிடுங்கள். முகம் சட்டத்தை நிறைக்கும் வரை அருகில் போங்கள். சிரிக்கச் சொல்லாதீர்கள், கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருங்கள். என் மூத்தம்மா அவ்வாறு இருந்து, தன் இளமைக் காலத்துக் காலிக் கோட்டையைப் பற்றிப் பேசிய பத்து நிமிடங்களில் எடுத்த படம்தான் எங்கள் வீட்டிலுள்ள படங்களில் அவரைப் போலவே இருக்கும் படம்.

கமராவை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. தம் முகம் படத்தில் வருவதை விரும்பாதவர்கள் நம் வீடுகளிலும் அயலிலும் இருக்கிறார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அது முடிந்த முடிவு. அவர்களின் கையை எடுக்கலாமா, தைக்கும் துணியை எடுக்கலாமா என்று கேட்கலாம். அதற்கும் வேண்டாம் என்றால் கமராவை உறையில் போட்டுவிட்டுத் தேநீர் குடித்து வரலாம்.

நமக்கு இன்னும் இருபது வயதுகூட ஆகவில்லை. ஜூலியா நாற்பத்தெட்டில் தொடங்கி, பதினைந்து ஆண்டுகளில் 1200க்கும் மேற்பட்ட படங்களை விட்டுச்சென்றார். இதை வாசிக்கும் தாய்மாருக்கும் இது ஒரு செய்தி. பிள்ளைகள் வளர்ந்தபின் தொடங்கினாலும் பிந்திவிடவில்லை. எங்கள் குழுவைப் பொறுத்தவரை, இந்த வருடம் ஒரு சிறிய முடிவு எடுத்திருக்கிறோம். சஞ்சிகையில் வரும் ஒவ்வொரு படத்தின் கீழும் அதில் இருப்பவரின் பெயர், அவர் சம்மதித்தால், அவர் சொல்லும் விதமாகவே எழுதப்படும். அதிபர் முதல், காலையில் நமக்காகக் கதவு திறக்கும் காவலாளி வரை எல்லோருக்கும் அது ஒரே எழுத்தளவில் இருக்கும்.